இரண்டு மணி

கல்லிடைக்குறிச்சி என்று சொல்லி முடிப்பதற்குள்
ஹெலிகாப்டர் கல்லிடைக்குறிச்சியைத் தாண்டியிருக்கும்.
அதனால் ரேடியோவில் 'அப்பளம்' என்று வைத்தோம்.
முதல் நாளே கேட்டார் குர்னாம் கேப்டன்:
அது தின்பதா, இறங்குவதா?
கடக்கும்போது சொல்வது, என்றேன்.

அம்பாசமுத்திரம் பள்ளி மைதானம்.
கோல் கம்பத்தில் காற்றுப்பை.
டவர் என்று ஏதுமில்லை.
பிளாஸ்டிக் நாற்காலி, கையடக்க ரேடியோ,
நாற்பது பக்க நோட்டு, நான்.
பறக்கச் சொல்லவோ நிற்கச் சொல்லவோ
எனக்கு அதிகாரம் கிடையாது.
ஒருவர் சொன்ன இடம்
மற்றவர் காதில் விழுந்ததா என்று பார்ப்பேன்.
சம்பளம் அதற்குத்தான்.

இரண்டு கம்பெனி. ஆளுக்கொரு ஹெலிகாப்டர்.
பத்து நிமிஷம் ஆறாயிரம் ரூபாய்.
ஆடிச் சாரலில் வரிசை முழுக்கக் குடைகள்.

ஐந்தாம் நாள் மேகம்
மலையை விட்டு இறங்கி வயல்வரை வந்தது.
ஆயிரத்து ஐநூறில் பறந்த குர்னாமும்
ஆயிரத்தில் பறந்த ஜிஷாவும்
அதற்குக் கீழே குனிந்து குனிந்து
ஒரே எண்ணூறடிக்கு வந்திருந்தார்கள்.
மேகத்திடம் ரேடியோ இல்லை.

'மணி' என்றார் குர்னாம்.
மணிமுத்தாறு அணையைச் சொன்னார்,
மேற்கே போய்க்கொண்டிருந்தார்.
'மணி' என்றார் ஜிஷா.
மணிமுத்தாறு அருவியைச் சொன்னார்,
கிழக்கே திரும்பிக்கொண்டிருந்தார்.
பட்டியலில் இருந்தது ஒரே மணி.
எழுதியது என் கை.

எந்த மணி என்று கேட்டு விரலை எடுத்தேன்.
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள்.
அந்தப் பெட்டியில்
ஒருவர் பேசினால் பேச்சு;
இருவர் பேசினால்
ஈரத் தகரத்தைத் தார்ச்சாலையில் இழுக்கிற கீச்சொலி.
அதுதான் கேட்டது.
பிறகு அதுவும் இல்லை.

பதினோரு நொடி என்று நோட்டில் இருக்கிறது.
எப்படி எண்ணினேன் என்று தெரியவில்லை.

'வலது பக்கம் ஒடித்துவிட்டேன்'
விக்கல் எடுத்தவர்போல் குர்னாம்.
அந்தப் பக்கம் வெறும் இரைச்சல்.
கடைசியில் ஒரே ஒரு சொல், அவர் தாய்மொழியில்:
'கண்டு'.

இரண்டும் இறங்கி விசிறி ஓய்ந்ததும்
சுண்ணாம்பில் வரைந்த எச் எழுத்தின் நடுவில்
நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.
குடை பிடிக்கவில்லை.
பொன்னுலிங்கம் அண்ணாச்சி ஓடி வந்தார்:
'ஏ பிள்ள, எந்திரி. நுப்பது டோக்கன் நிக்கு.
ரெண்டும் முழுசாத்தானல வந்து நிக்கு?'
முழுசாகத்தான் நின்றன.
அதற்கு என்னிடம் பதிலில்லை,
எழுந்திருக்கவும் முடியவில்லை.
நாற்காலியோடு தூக்கலாமா என்று
இரண்டு பேர் யோசித்துவிட்டுப் போனார்கள்.

அப்போதுதான் மேலப்பாளையத்து மைமூன்
போனை நீட்டிக்கொண்டு வந்தாள்.
குர்னாமின் ஹெலிகாப்டரில் போய் வந்தவள்.
'அக்கா, நல்லா விழுந்திருக்கு பாருங்க.
அவங்களும் எங்களுக்குக் கை காட்டுனாங்க.'

சன்னல் நிறைய இன்னொரு ஹெலிகாப்டர்.
பெரிதாக்கவே வேண்டாம்:
உள்ளே ஒரு பையன்,
மேல்வரிசையில் ஒரு பல் இல்லை,
சிரிக்கிறான்.
இந்தப் பக்கத்துச் சன்னல் ஓரத்தில்
அவனுக்குப் பதிலாக அசைந்த கை
மங்கலாக.

ரொம்ப நல்லா விழுந்திருக்கு, என்றேன்.

அன்று மீதிப் பணம் திரும்பிப் போனது.
இரவு பட்டியலை மாற்றினேன்.
அணை, அருவி என்று எழுதி
இரண்டும் 'அ'வில் தொடங்குவதைப் பார்த்து அடித்தேன்.
கரகரப்பில் முதலெழுத்து மட்டும் பிழைத்தால்?
அணைக்குச் சொதி.
அருவிக்குக் கருப்பட்டி.
அறிக்கைத் தாளில் 'காரணம்' என்ற கட்டத்தில்
கம்பெனி ஏற்கெனவே தட்டச்சு செய்திருந்தது: மேகம்.
அதன் பக்கத்தில் பேனாவால்
'மணி' என்று எழுதி, என் பெயரும் எழுதினேன்.

மூன்றாம் நாள் வெயில்.
'கருப்பாட்டி, எண்ணூறு' என்றார் குர்னாம்.
நாற்காலி நுனிக்கு வந்து
ரேடியோவைக் காதில் அழுத்திக்கொண்டேன்.
ஜிஷா இன்னும் சொல்லவில்லை.